இடது தோள்

செப்டம்பர் 22, ஞாயிறு. திபிலிசி, ஜார்ஜியா

வந்து சேர்ந்தோம். தேனியில் வீட்டைப் பூட்டியதிலிருந்து முப்பத்தோரு மணி நேரம். என் கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போக மாட்டேன் என்கிறது. இவருக்கு ஒன்றும் இல்லை. ஐம்பத்து நான்கு வயது மனிதர், விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு போலீஸ்காரரின் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இவர் பவுன்ராஜ். தேனியில் இருபத்தெட்டு வருஷமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்து ஊரார் வண்டியை எல்லாம் ஓட வைத்தவர். வெளிநாட்டு மலையில் ஒரு முறையாவது வண்டி ஓட்ட வேண்டும் என்பது கல்யாணமான புதிதிலிருந்து நான் கேட்கும் பாட்டு. மூன்று முறை கிளம்ப இருந்து மூன்று முறையும் நின்றது. மகளின் பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு கொரோனா, பிறகு என் கர்ப்பப்பை ஆபரேஷன். இந்த முறை எதற்காகவும் நிற்கக் கூடாது என்று நான்தான் முடிவு செய்தேன்.

விடுதியில் டீ கொடுத்தார்கள். இடது கையால் தட்டி மேசை முழுக்கக் கொட்டிவிட்டார். "இந்த ஊரு மேசையே கோணலா இருக்கு" என்றார். துடைத்துவிட்டு அடுத்த கோப்பையை அவருடைய வலது பக்கம் வைத்தேன்.

இந்த நோட்டு மகள் கொடுத்தது. "அப்பா போட்டோ எடுப்பாரு, நீ எழுதும்மா" என்றாள். எழுதுகிறேன்.

செப்டம்பர் 23, திங்கள்

வண்டி எடுத்தோம். நானூறு சிசி, சிவப்பு. வாடகைக்குக் கொடுப்பவர் எதைச் சொன்னாலும் இவர் தலையாட்டினார். கடைசியில் இவரே செயினைத் தொட்டுப் பார்த்து, தொளதொளவென்று இருக்கிறது என்று சைகையில் சொல்லி, அந்த ஆளிடம் ஸ்பேனர் வாங்கி இறுக்கினார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிஷம் தேடினார். இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்குள் ஒரு சுற்று போய் வந்தோம். 

இங்கே சாலையின் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். இது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பின்னால் ஏறி உட்கார்ந்து, முதல் பஸ் எதிரே வந்தபோதுதான் உறைத்தது. எதிரே வருவதெல்லாம் எங்களுக்கு இடது பக்கமாக வருகிறது. நம் ஊரில் இடது பக்கம் என்றால் சாலையோரம். அதிகம் போனால் ஒரு புளியமரம், ஒரு ஆடு. நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் நம் ஊர்ச் சாலைக்குப் போட்ட கணக்கு.

என்ன கணக்கு என்று இன்றைக்கு எழுதப் போவதில்லை. அவர் சட்டை இரண்டையும் துவைத்துக் காயப் போட்டேன்.

செப்டம்பர் 24, செவ்வாய். கஸ்பேகி

வடக்கே மலை ஏறினோம். ரஷ்யாவுக்குப் போகும் சாலை. வளைவுக்கு வளைவு லாரி. ஒவ்வொரு லாரியும் எங்கள் இடது பக்கத்தை உரசுகிற மாதிரி வருகிறது. நான் அவர் இடது தோளில் கை வைத்துக்கொண்டு, எது வந்தாலும் ஒரு தட்டு தட்டினேன்.

நாலாவது வளைவில் நிறுத்திவிட்டார்.

"ஏ புள்ள, எதுக்குத் தட்டுற? நான் என்ன வண்டி மாடா?"

"லாரி வந்துச்சு."

"லாரி வர்றது எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க. எனக்குப் பயமா இருக்கு. தட்டுனா பயம் போகுது."

"அப்ப தட்டிக்க" என்று மறுபடி கிளப்பினார்.

பயம் என்று சொன்னது பொய் இல்லை. மேலே கணவாயில் நின்று இறங்கிப் பார்த்தோம். புல் மூடிய பச்சை மலைகள், ஒரு மரம் கிடையாது, அதற்குப் பின்னால் பனி. இவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 25, புதன்

மழை. எங்கும் போகவில்லை. எனக்கு நிம்மதி.

செப்டம்பர் 26, வியாழன். கஸ்பேகி

காலையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமிருந்து வாட்ஸப். "இந்திராணி, பவுன்ராஜ் சார் ஃபீல்டு டெஸ்ட் மெஷின் மெமரியில இருக்கு. ஃபைல்ல பேப்பர் இல்ல. நீங்கதான் எடுத்திருக்கீங்க. கூப்பிடுங்க."

"நெட்வொர்க் சரியில்ல மேடம், ஊருக்கு வந்து பேசுறேன்" என்று பதில் போட்டேன். போனில் நாலு கோடும் முழுசாக இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஃபீல்டு டெஸ்ட், அதாவது சுற்றுப்பார்வைச் சோதனை, எடுப்பதுதான் என் வேலை. ஆள் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். "நடுவுல இருக்கிற மஞ்ச லைட்டையே பாருங்க. சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னுனா பட்டனை அழுத்துங்க. கண்ணை நகத்தாதீங்க." இதை ஒரு நாளைக்கு இருபது பேரிடம் சொல்கிறேன். பார்வை இல்லாத இடம் காகிதத்தில் கறுப்பாக வரும்.

ஆகஸ்ட் கடைசியில் இவர் டம்ளரை நாலாவது தடவை தட்டிவிட்டார். சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்தவரைப் பிடித்து உட்கார வைத்து நானே எடுத்தேன். டாக்டரம்மா கிளம்பிப் போயிருந்தார். இரண்டு கண்ணிலும் இடது பக்கம், கீழே, கால்வாசி கறுப்பு. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் கண்ணில் கோளாறு. இரண்டிலும் ஒரே இடம் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். ஜூலையில் இரண்டு நாள் தலைவலி என்று படுத்திருந்தார். வெயில் என்று மோர் கொடுத்தேன்.

இவர் வெளிச்சமே வராதபோதும் பல தடவை பட்டனை அழுத்தியிருந்தார். அப்படி அழுத்தினால் ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்று மெஷினே மேலே குறித்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டேன். "சரியா வரல, அவசரப்பட்டுட்டீங்க. ஊருக்குப் போய்ட்டு வந்து எடுப்போம்" என்றேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. விசா வந்துவிட்டது. காகிதத்தை மடித்துக் கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் செருகினேன். அது இப்போது ஐயாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், பருப்புப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிறத்தியார் யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் மலை மேல் இருக்கும் பழைய தேவாலயத்துக்குப் போனோம். அவர் படம் எடுத்தார். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். யாரிடம், என்ன கேட்பது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி. தெலாவி

டாக்டரம்மாவின் இரண்டாவது செய்தி: "இது கண்ணு இல்லன்னு உங்களுக்கே தெரியும். வண்டியத் தொடக் கூடாது. அங்கயே எம்ஆர்ஐ எடுங்க." படித்ததற்கு அடையாளமாக நீல டிக் விழுந்துவிட்டது. பதில் போடவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

நாள் முழுக்கப் பயணம். மலை இறங்கி, திபிலிசியைச் சுற்றிக்கொண்டு, கிழக்கே இன்னொரு கணவாய் ஏறி இறங்கினால் திராட்சை நாடு. இப்போது தட்டுவதில் ஒரு முறை வந்துவிட்டது. ஒரு தட்டு என்றால் வண்டி. இரண்டு என்றால் ஆளோ மாடோ. உள்ளங்கையை வைத்து அழுத்தினால் நிறுத்து. கையை எடுத்து மறுபடி வைத்தால் போகலாம். இவர் ஒன்றும் சொல்வதில்லை. இடது வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்துவிட்டு, நான் கையை எடுத்து மறுபடி வைக்கும்வரை கூட்டுவதே இல்லை. பழகிவிட்டார் போலிருக்கிறது.

இவருக்காகத்தான் மறைத்தேன் என்று நேற்று எழுத வந்தேன். எழுதவில்லை. அது முழு உண்மை இல்லை. ஊரில் இவர் சாயங்காலம் என்னை வீட்டில் இறக்கிவிட்டு மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் எட்டரை மணிக்கு வருவார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். இந்த ஐந்து நாளில் மணிக்கணக்காக அவர் இடுப்பைச் சுற்றி ஒரு கை, தோளில் ஒரு கை. இருபத்தேழு வருஷத்தில் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் அவரைத் தொட்டுக்கொண்டு நான் இருந்ததே கிடையாது. எனக்கு இது வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ராத்திரிக்குக் கச்சாபுரி. ரொட்டிக்குள் இவ்வளவு பாலாடைக்கட்டியா என்று மலைத்துவிட்டு, ஆவக்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு முழுசையும் சாப்பிட்டார்.

செப்டம்பர் 28, சனி. தெலாவிக்கு அப்பால் ஒரு கிராமம்

ஒரு மனிதரின் கையை உடைத்துவிட்டோம்.

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன். மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. இங்கே அறுவடைக் காலம். எங்கு பார்த்தாலும் கத்தரிக்கோலும் கூடையுமாக ஜனங்கள். நம் கம்பம் பக்கம் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் கிடக்கும். கீழே யார் நின்றாலும் தெரியும். இங்கே கொடியை இடுப்பளவுக் கம்பியில் கட்டி வரிசை வரிசையாக விட்டிருக்கிறார்கள். குனிந்து பறிப்பவர் வரிசைக்குள் இருந்தால் வெளியே தெரியாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளுக்கு வீடியோ அனுப்பலாம் என்று அவர் தோளிலிருந்து கையை எடுத்துப் போனைப் பிடித்தேன். கையை எடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இடது வரிசையிலிருந்து ஒருவர் குனிந்தபடியே, திராட்சைப் பெட்டியை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகப் பாதைக்கு வந்தார். நான் பார்த்தேன். கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. இவர் பிரேக்கே பிடிக்கவில்லை. இடித்த பிறகுதான் பிடித்தார்.

வண்டியோடு விழுந்தோம். எங்களுக்குச் சிராய்ப்புதான். பெட்டி இழுத்து வந்தவருக்கு வலது மணிக்கட்டு வளைந்துபோய்விட்டது. பெயர் ஸூராப், ஐம்பது வயது இருக்கும். அவருடைய அக்கா ஏதேரி ஓடி வந்தாள். வந்தவள் எங்களைத் திட்டவில்லை, தம்பியைத் திட்டினாள். பிறகு தன் போனில் எதையோ பேசி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். திரையில் தமிழில் வந்தது: "என் தம்பி பின்னால் பார்க்காமல் வந்துவிட்டான். எங்களை மன்னியுங்கள். நீங்கள் இன்று எங்கள் வீட்டில் தங்க வேண்டும்."

இவர் மண்ணைத் தட்டிக்கொண்டே, "வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு" என்றார். வெயில் எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம். இவர்கள் வீட்டுக் கொட்டகையில் தரைக்குள் கழுத்தளவு புதைத்த தாழிகள் இருக்கின்றன. நசுக்கிய திராட்சை அதற்குள் நுரைத்துக்கொண்டிருக்கிறது. மேலே மிதக்கும் தோலை நீளக் கட்டையால் தினமும் நாலைந்து முறை அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அது ஸூராப்பின் வேலை. பாதித் தோட்டம் இன்னும் பறிக்காமல் நிற்கிறது. ஏதேரிக்குத் துணை வேறு யாரும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஸூராப் இடது கையால் ஒயின் கோப்பையைத் தூக்கி எங்களுக்காக எழுந்து நின்று பேசினார். போன் அதையும் தமிழாக்கியது: "தூரத்திலிருந்து வந்தவர்களின் பாதை பத்திரமாக இருக்கட்டும்." எல்லோரும் குடித்தார்கள். நான் இதுவரை தொட்டதில்லை. இன்றைக்கு ஒரு மடக்குக் குடித்தேன், புளிப்பும் துவர்ப்புமாக இறங்கியது. வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

விடிந்ததும் இவரைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போனேன். இரண்டு காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தோம். மெஷினுக்கு அனுப்பும் முன் எல்லோருக்கும் செய்வதுதான் இது.

"என் மூக்கையே பாருங்க" என்றேன்.

"எதுக்குடி காலங்காத்தால?"

"பாருங்க. கண்ணை நகத்தாதீங்க."

என் வலது கையை அவருக்கு இடது பக்கம், கீழே நீட்டினேன். "எத்தனை விரல்?"

"ரெண்டு."

இரண்டுதான். மறுபடி காட்டினேன்.

"மூணு."

மூன்றுதான். ஒரு நொடி, மெஷின் தப்பு, நான் தப்பு, எல்லாம் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் என் கையை மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இப்ப?"

"ஒண்ணு" என்றார்.

அவர் என் மூக்கிலிருந்து கண்ணை எடுத்தார். என் கை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நீ எல்லாருக்கும் ரெண்டு, மூணு, ஒண்ணுதான் காட்டுவ" என்றார். "பெஞ்சுல உக்காந்து எத்தனை வருஷமா பாக்குறேன்."

தினமும் சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்து, அரை மணி நேரம் என் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"எப்பலருந்து தெரியும்?"

"அந்தத் தலைவலி வந்ததுலருந்து. ஸ்பேனரை இந்தப் பக்கம் வச்சா காணாமப் போகுது. உன் மெஷின்ல உக்காந்தப்ப, சும்மா சும்மா அழுத்துனேன். எழுந்திரிச்சப்ப நீ சரியா வரலன்னு சொன்ன. தப்பிச்சேன்னு நெனச்சேன். இந்தத் தடவையும் நின்னுருச்சுன்னா அப்புறம் கெடையவே கெடையாதுன்னு தோணுச்சு."

கைப்பையைத் திறந்து, உள்துணிக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரிஞ்சேவா பின்னால ஏறி உக்காந்த?"

"நீங்க தெரிஞ்சேவா என்னை ஏத்துனீங்க?"

பெரிய சண்டை வரும் என்று பயந்திருந்தேன். வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "என்னையத்தான் கொல்லப் பாத்தேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "உன்னை நெனைக்கவே இல்ல, புள்ள. நெசமா நெனைக்கல." நான் அவரைத் தொடவில்லை. அவருக்கு ஆறுதல் சொல்ல நான் யார்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கத்தவில்லை, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

பிறகு ஏதேரியிடம் போய், அவள் போனை வாங்கித் தமிழில் சொன்னேன்: "என் கணவருக்கு இடது பக்கம் பார்வை இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் முன்பே தெரியும். உங்கள் தம்பி மேல் தப்பு இல்லை." அவள் படித்தாள். மறுபடி படித்தாள். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஸூராப் இவருக்கு எதிரே வந்து நின்றார். தன் இடது கையைத் தூக்கி, என்னைப் போலவே, இவருடைய இடது பக்கம் கீழே மெதுவாக ஆட்டினார். எதிரே நிற்பவருக்கு எந்தப் பக்கம் எது என்று குழம்பி, முதலில் தப்பான பக்கம் ஆட்டிவிட்டு மாற்றிக்கொண்டார். இவர் அசையவில்லை, கண் எதிரே இருந்தவரின் முகத்திலேயே இருந்தது. ஸூராப் கையை இறக்கிவிட்டு, கொட்டகைக்குள் போய் ஒற்றைக் கையால் தாழியைக் கிண்ட ஆரம்பித்தார். இவர் பின்னாலேயே போய்க் கட்டையின் மறு பாதியைப் பிடித்துக்கொண்டார். ஸூராப் விரட்டவில்லை.

நான் போய்த் திராட்சை பறித்தேன். ஆறு பெட்டி நிறைந்தது. மத்தியானம் ஏதேரி கார்ச் சாவியோடு வந்து, பெட்டிகளை எண்ணாமல் பார்த்துவிட்டு, ஏறுங்கள் என்று கை காட்டினாள். திபிலிசி வரை இரண்டு மணி நேரம், சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் பைகளை இறக்கி வைத்தாள். நான் கை கூப்பினேன். அவள் பதிலுக்குக் கூப்பவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கிளம்பிப் போய்விட்டாள்.

சிவப்பு வண்டி அவர்கள் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. வாடகைக்காரரே போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 30, திங்கள். திபிலிசி

ஸ்கேன் எடுத்தார்கள். ஜூலையில் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. போன பார்வை வராது. மாத்திரை சாப்பிட்டால் இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் ஏன் காட்டவில்லை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "மை ஃபால்ட்" என்றார். நான் "மைன் ஆல்சோ" என்றேன். மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார்.

மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக வீடியோ ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

சாயங்காலம் ஃபீல்டு டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் வேலை பார்க்கும் அதே மாதிரி மெஷின். சின்ன வயசுப் பெண் ஒருத்தி இவரை உட்கார வைத்து, தாடையை ஏற்றி, பட்டனைக் கையில் கொடுத்தாள். ஜார்ஜிய மொழியில் ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் எனக்கு முழுக்கப் புரிந்தது. அவருக்குத் தமிழில் சொன்னேன்: "நடுவுல இருக்கிற மஞ்ச லைட்டையே பாருங்க. வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க."

"தெரிஞ்சா மட்டும்" என்று அவரும் சொன்னார்.

விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே டெஸ்ட் நடக்க, வெளியே பெஞ்சில் நான் உட்காருவது இதுதான் முதல் தடவை. கதவு மெலிசு, பட்டன் சத்தம் வெளியே கேட்டது. டிக். டிக். டிக். அப்புறம் நின்றது. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். இடது பக்கம் கீழே ஒரு வெளிச்சம் போயிருக்கும், இன்னொன்று போயிருக்கும், அதற்கடுத்ததும் போயிருக்கும். அவர் ஒரு முறைகூட அழுத்தவில்லை.